டயர அடியில வைங்க, மொதலாளி

இல்லீங்க மொதலாளி, ஜாக்கியத் தொடாதீங்க. அது பொறவுதானுங்க. மொதல்ல ஹேண்ட் பிரேக்கு. போட்டீங்களா? கியர்லயும் போட்டுருங்க. இப்ப அந்தக் கல்லத் தூக்கிட்டு வந்து அக்கட்ட முன்சக்கரத்துக்கு அணை குடுங்க.

நானா? நாந்தொட மாட்டனுங்க. மூணு வருசங்கழிச்சு போனு போட்டு, அர்த்தநாரி, செத்த வந்துட்டுப் போன்னீங்க. வந்துட்டேன். தீவாளிக்குத் தெக்கத்திச் சனமெல்லாம் பஸ் ஏறிருச்சு, உங்க புது டிரைவரும் ஏறிட்டான். பஞ்சர் கடை பூட்டிக் கெடக்குது. மாப்ளை ஏர்போர்ட்டுல எறங்கி நிப்பாரு. அவசரந்தானுங்க. ஆனா ஜாக்கிக்கு மாப்ளையும் தெரியாது, மச்சானும் தெரியாது.

என்ற கையிங்களா? அது பாக்கெட்டுலயே இருக்கட்டுங்க. மழைக் குளுரு.

நட்டக் கழட்டாதீங்க, எளக்கி மட்டும் உடுங்க. சக்கரம் தரையில இருக்கறப்பவே. தூக்குனதுக்கப்பறம் எளக்குனா வண்டி ஆடுமுங்க. முடியலீன்னா ஸ்பேனர் மேல ஏறி மிதிங்க. வேட்டி அழுக்காகுதுங்களா? ஆகுமுங்க.

ஐயோ, டைல்சு மேல ஜாக்கிய வெக்காதீங்க. பலகை போடுங்க. ஈசானியத்துக்குத் தண்ணி ஓடோணும்னு எவனோ சொன்னான், போர்டிகோவையே சாய்ச்சுக் கட்டிப்போட்டீங்க. தண்ணி ஓடுச்சோ என்னமோ, அன்னைக்கி ஜாக்கி ஓடுச்சுங்க.

அன்னைக்கித்தானுங்க. பனியன் ஆர்டர் குடுக்க வந்த வெள்ளக்கார பையருக்கு பிளைட்டுக்கு நேரமாச்சுன்னு இதே எடத்துல குதிச்சீங்க. அடியில ஒரு டயரப் படுக்கப் போட்டுட்டு வேலையப் பாக்கறனுங்கன்னேன். அதெல்லாம் வேண்டாம், சீக்கிரம் மாட்டுடான்னீங்க. நட்டு ஒண்ணு உருண்டு உள்ள போச்சு. எடுக்கக் கைய உட்டேன். ஜாக்கி சரிஞ்சுது. நீங்க பையரக் கூட்டிட்டு ஆட்டோவுல போயிட்டீங்க.

அதோட உட்டீங்களா? கம்பெனி கம்பெனியாச் சொன்னீங்க, அர்த்தநாரி கவனமில்லாத ஆளு, சின்னக் காயத்தப் பெருசு பண்றான்னு. பெருமாநல்லூர்ல இருந்து இங்க வரைக்கும் ஒருத்தரும் சாவியக் கையில குடுக்கலீங்க. இருவது வருச டிரைவரு, காங்கேயத்துல கொப்பரை காயப்போட்டுட்டிருக்கறேன்.

கோவமா? சேச்சே. இப்பத் தூக்குங்க. மெதுவாங்க. ஸ்டெப்னியில காத்து நெறைய இருக்கும், தரைய உட்டு மூணு வெரக்கடை எந்திரிக்கோணும். போதும். அந்த ஸ்டெப்னிய ஜாக்கிக்குப் பக்கத்துல, வண்டிக்கு அடியில படுக்கப் போடுங்க. எதுக்குன்னு கேக்கறீங்க பாருங்க! அன்னைக்கும் இதையேதானுங்க கேட்டீங்க.

இப்பப் பஞ்சர் சக்கரத்தக் கழட்டுங்க. அத அடியில தள்ளிட்டு ஸ்டெப்னிய வெளிய இழுங்க. எப்பவும் ஒரு டயரு அடியில இருக்கோணும். சபாஷ். இத்தன நாளு கத்துக்காமப் போயிட்டீங்களே.

அடடா, நட்டு ஒண்ணு உள்ள உருண்டுருச்சு. என்ற காலு பட்டுருச்சாட்ட இருக்குதுங்க. கைய உட்டு எடுங்க. பயமா? அதான் டயரு இருக்குதுல்லங்க. இன்னும் உள்ள. இன்னும். அங்கதான்.

கத்தாதீங்க மொதலாளி! அம்மணி எந்திரிச்சு வந்துருவாங்க. ஒண்ணும் ஆகலீங்க. வண்டி டயரு மேல உக்காந்துருச்சு, அவ்வளவுதான். கைய வெளிய எடுங்க. வெரல எண்ணுங்க. அஞ்சுங்களா? பாத்தீங்களா.

பலகை போட்டும் ஜாக்கி எப்படிச் சரிஞ்சுதுன்னுங்களா? தானாச் சரியலீங்க. நாந்தான் மிதிச்சேன்.

புடிங்க, எந்திரிங்க. ஏனுங்க, புடிச்ச கையவே பாக்கறீங்க? ஆமாங்க, மூணுதான். இந்தச் சின்னக் காயத்த நீங்க இன்னும் பாக்கலையில்ல.

சரிங்க, மறுக்கா ஹேண்ட் பிரேக்குல இருந்து ஆரம்பிங்க. அவசரமே வேண்டாம். ஏன் லேட்டுன்னு மாப்ளை கேட்டா, டிரைவரு கவனமில்லாத ஆளுன்னு சொல்லிக்குங்க.