ஐஸ்கிரீம் கடையில் நிற்கிறான்

ஒருவரை வயிறு வலிக்கச் சிரிக்க வைக்க வேண்டுமானால் முதலில் அவரைச் சரிவான இடத்தில் உட்கார வைக்க வேண்டும். சமதரையில் சொல்லும் ஜோக்குக்குப் பாதிச் சிரிப்புதான் கிடைக்கும். உயிர் போய்விடுமோ என்று தோன்றி, போகவில்லை என்று தெரிகிற அந்த நிமிஷத்தில் எதைச் சொன்னாலும் ஜனங்கள் உருண்டு புரள்வார்கள். உங்களுக்கே தெரியும், லைல் தம்பி. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் என் ஜீப்பில் வந்து, கழுதைப்படி இறக்கத்தில் பக்கத்துப் பெண்ணின் மடியில் ஏறி உட்கார்ந்தவர்தானே நீங்கள். டெபுடி ஷெரிப் ஆகி போலீஸ் சட்டை போட்டுவிட்டால் அதெல்லாம் மறந்துவிடுமா?

சிரியுங்கள், பரவாயில்லை. அந்தக் கருவியில் பதிவானால் ஆகட்டும்.

பெயர் நெட்ரா ஜாலி. வேலை, செம்பாறைப் பள்ளத்தாக்குகளில் சுற்றுலா ஜீப் ஓட்டுவது. கூரை இல்லாத வண்டி, பின்னால் படிப்படியாக உயரும் பெஞ்சுகள், அதில் ஊர் ஊராக வந்த ஜனங்கள். கெல்பியைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் ஜோக்கைச் சொல்லிவிடுகிறேன். அது இல்லாமல் ஒன்றும் புரியாது.

கழுதைப்படியின் உச்சியில் வண்டியை நிறுத்துவேன். அங்கிருந்து பார்த்தால் வண்டியின் பானட் தெரியும், அதற்கப்புறம் வானம்தான். டாஷ்போர்டில் ஒட்டியிருக்கும் மீசைக்காரர் படத்துக்கு விரலால் ஒரு முத்தம் வைப்பேன். யாராவது கட்டாயம் கேட்பார்கள்.

"யாரும்மா அது?"

"என் வீட்டுக்காரர். முன்னாடியெல்லாம் இந்த வண்டிய அவர்தான் ஓட்டிட்டிருந்தார்."

அதோடு வாயை மூடிக்கொண்டு வண்டியை இறக்குவேன். பின்னால் மூச்சுச் சத்தம்கூடக் கேட்காது. கீழே மணலில் போய் நின்றதும் ஒருவர் தயங்கித் தயங்கி, "அவருக்கு என்னம்மா ஆச்சு?" என்பார்.

"முதுகு வலி. டவுன்ல ஐஸ்கிரீம் கடையில நிக்கிறார். போனீங்கன்னா நான் அனுப்பினேன்னு சொல்லுங்க, ஒரு கரண்டி கூடப் போடுவார்."

ஐயோ, அந்தச் சிரிப்பை நீங்கள் கேட்க வேண்டும். அதில் பொய் ஒன்றும் இல்லை. என் வீட்டுக்காரர் ரோலன் முதுகு வலியால் ஜீப்பை விட்டவர்தான், நிற்பதும் ஐஸ்கிரீம் கடையில்தான். சாயங்காலம் ஜனங்கள் அங்கே போய் அவர் மீசையைப் பார்த்து இன்னொரு தடவை சிரிப்பார்கள். எத்தனை வருஷமோ அப்படியே ஓடியது. எனக்குப் பிள்ளை குட்டி இல்லை, சொந்த வீடு இல்லை, கோயிலுக்கும் ஒழுங்காகப் போனதில்லை. எனக்கென்று இருந்தது அந்த ஜோக்.

போன வசந்தத்தில் கெல்பி வந்தான். உருளைக்கிழங்குக்குப் பேர்போன ஐடஹோவிலிருந்து வந்த பையன், அதனால் உருளைக்கிழங்கு என்று கூப்பிடுவோம். அவனும், "கூப்பிட்டீங்களா, வறுக்கவா அவிக்கவா?" என்று வந்து நிற்பான். எனக்கு அவனை ரொம்பப் பிடிக்கும். இதைப் பதிவு செய்துகொள்ளுங்கள், பிடிக்காமல் எதுவும் செய்யவில்லை.

அவன் வண்டி முன்னால் போகும், என்னுடையது பின்னால். ஒரு நாள் நான் கழுதைப்படி இறங்கி வளைவில் திரும்பி, வழக்கம்போல அவன் ஆட்களைப் பார்த்துக் கையாட்டினேன். அவ்வளவுதான், ஓவென்று ஒரு கூச்சல். ஒரு குண்டு மனிதர் மணலில் மண்டியிட்டுத் தரையை அடித்து அடித்துச் சிரித்தார். ஒரு பெண்மணி ஓடி வந்து என் கையைக் கிள்ளிப் பார்த்தார். எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை.

பிறகுதான் அவன் டாஷ்போர்டைப் பார்த்தேன். என் படம். கிறிஸ்துமஸ் விருந்தில் காகிதத் தொப்பியோடு, கண் மூடி எடுத்தது. உச்சியில் நிறுத்தி அதற்கு முத்தம் வைத்திருக்கிறான். "எனக்கு முன்னாடி இந்த வண்டிய ஓட்டினவங்க. தங்கமான மனுஷி," என்று மூக்கை உறிஞ்சியிருக்கிறான். கீழே அவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது, செத்தவள் நான் ஜீப்பில் வந்து கையாட்டியிருக்கிறேன்.

நானும் சிரித்தேன். விக்கல் வரும்வரை சிரித்தேன். நல்ல ஜோக், என்னுடையதைவிட நல்ல ஜோக்.

அதற்கப்புறம் தினமும் அதுதான். நான் தினமும் செத்தேன், தினமும் வளைவில் திரும்பிக் கையாட்டினேன். என் ஆட்களோ, "முன் வண்டியில என்னங்க அப்படிச் சிரிப்பு? எங்களுக்கு அந்த டிரைவர் கிடையாதா?" என்று கேட்டார்கள். ரோலன் படத்துக்கு முத்தம் வைத்தால் ஒருவரும் கவனிக்கவில்லை. முன்பதிவுக்குப் போன் செய்கிறவர்கள், "அந்தச் செத்துப்போன கிழவி வருவாங்கல்ல?" என்று கேட்பதாக முதலாளி விழுந்து விழுந்து சிரித்தபடி சொன்னார். எனக்கு வயது ஐம்பத்திரண்டு, தம்பி.

அவனிடம் மரியாதையாகக் கேட்டுப் பார்த்தேன்.

"உருளைக்கிழங்கு, அந்த ஜோக் என்னோடதுடா."

"உங்களோடதுதான்க்கா. அதான் உங்க படத்தையே ஒட்டியிருக்கேன்."

"அத எடுத்துடு."

"எடுத்துட்டா நீங்க நிஜமாவே செத்துடுவீங்களே. யாரு உங்களப் பாத்துச் சிரிப்பா?"

சொல்லிவிட்டுத் தோளில் கைபோட்டு, தேங்காய் சிரப் விட்ட சோடா வாங்கிக் கொடுத்தான். அவன்மேல் யாரால் கோபப்பட முடியும்? எனக்குக் கோபமே வரவில்லை. காரணம் என்கிற இடத்தில் கோபம் என்று போடாதீர்கள்.

அந்த நாளைப் பற்றி உங்களுக்குப் பாதி தெரியும். முந்தின இரவு மழையில் ஒரு பாறை உருண்டு, மலை விளிம்புப் பாதையை அடைத்துவிட்டது. ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் பாதாளம், திருப்ப இடமில்லை. வந்த வழியே பின்னால்தான் போக வேண்டும். பின்னால் நின்ற என் வண்டியை முதலில் அகலமான இடத்துக்குக் கொண்டுபோய்விட்டேன். அடுத்து அவனுடையது. ஆட்களை எல்லாம் இறக்கி வளைவுக்கு அந்தப் பக்கம் அனுப்பினேன். ஒருவரைக்கூட வண்டியில் விடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். முழங்கால் வலி என்று, சுற்றுலா வந்தவர்களில் ஓபல் அம்மாள் மட்டும் பாறை ஓரமாக உட்கார்ந்துவிட்டார்.

அந்த உயரமான பெஞ்சுகளை வைத்துக்கொண்டு கண்ணாடியில் பார்த்தால் ஆகாயம்தான் தெரியும். அதனால் எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். வழி காட்டுபவர் ஒருவர் வண்டிக்கு முன்னால் நிற்பார். ஓட்டுபவர் தரையைப் பார்க்க மாட்டார், சக்கரத்தைப் பார்க்க மாட்டார், அந்த ஒருவரின் கையை மட்டும் பார்ப்பார். உள்ளங்கையை விரித்துத் தள்ளினால் பின்னால் போ. முஷ்டியை மூடினால் நில். மற்ற யாரும் வாயைத் திறக்கக்கூடாது, திறந்தால் ஓட்டுபவர் குழம்பிவிடுவார். காலையிலேயே எல்லோரிடமும் இதைக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

அவன் பின்னால் போகப் போக நான் அவனைப் பார்த்தபடி நடந்தேன். கையை விரித்துத் தள்ளிக்கொண்டிருந்தேன். அவன் என் கையைப் பார்த்தபடியே பேசினான்.

"அக்கா, ராத்திரி பூரா யோசிச்சு ஒண்ணு கண்டுபிடிச்சேன். நாளையிலிருந்து நீங்க கையாட்ட வேண்டாம்."

"பின்ன?"

"கீழ வந்ததும் நேரா எங்கிட்ட நடந்து வாங்க. சிரிக்கக் கூடாது. எல்லாரும் பாக்கும்போது, 'கெல்பி, என் வண்டிய எப்பத் திருப்பித் தரப்போற?'ன்னு கேளுங்க. நான் சாவியப் போட்டுட்டு ஓடிடறேன்."

தம்பி, எனக்கு அப்படிச் சிரிப்பு வந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. அவனும் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். இத்தனை வருஷம் நான் வைத்திருந்த ஜோக், இது ஏன் என் தலையில் வரவில்லை என்று நினைத்தேன். அவன் இருக்கும்வரை இப்படியே இன்னும் நன்றாக ஆகிக்கொண்டே போகும் என்றும் நினைத்தேன். அப்போது பின்சக்கரம் விளிம்புக்கு வந்துவிட்டது. எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. கண்ணீர் மறைத்தது என்று ரோலன் சொல்லச் சொன்னார். மறைக்கவில்லை.

விரல்களை மடக்கினால் போதும். நான் மடக்கவில்லை. இன்னும் இரண்டு தடவை தள்ளினேன்.

அவன் சிரித்துக்கொண்டேதான் போனான். அது எனக்கு ஒரு ஆறுதல்.

அன்று வந்து பார்த்து, விளிம்பு மண் சரிந்தது என்று சொன்னவர் நீங்கள்தான், நான் தலையை மட்டும் ஆட்டினேன். ஓபல் அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நான் சக்கரத்தப் பாத்தேம்மா. கத்தணும்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு. நீதான் யாரும் கத்தக்கூடாதுன்னியேன்னு அடக்கிக்கிட்டேன். பாவி, நான் கத்தியிருக்கலாமே." அவரை அணைத்துக்கொண்டு, நீங்கள் சரியாகத்தான் நடந்துகொண்டீர்கள் என்று சொன்னேன். பாவம், வாரா வாரம் போன் செய்கிறார்.

சாவு வீட்டில் சீஸ் போட்ட உருளைக்கிழங்கும் பச்சை ஜெல்லியும் பரிமாறினார்கள். உருளைக்கிழங்கைப் பார்த்ததும் எல்லோருக்கும் சிரிப்பு பீறிட்டது. அப்புறம் ஆளாளுக்குக் கெல்பியின் ஜோக் என்று அந்தப் பட ஜோக்கையே சொன்னார்கள். அவன் அம்மா அழுதுகொண்டே சிரித்து, "என் பிள்ளைக்கு எங்கிருந்துதான் இதெல்லாம் தோணுமோ," என்றார். நான் இன்னொரு தட்டு வாங்கிச் சாப்பிட்டேன். மறுநாள் முதலாளி எல்லா டாஷ்போர்டிலும் கெல்பி படத்தை ஒட்டினார். என் வண்டியில் ரோலன் முகத்தின் மேலேயே ஒட்டிவிட்டார்.

நேற்று கழுதைப்படி உச்சியில் நின்றேன். பழக்கதோஷம், விரல் படத்துக்குப் போய்விட்டது.

"யாருங்க அந்தப் பையன்?"

"எனக்கு முன்னாடி வண்டி ஓட்டிட்டிருந்தவன்."

இறக்கினேன். கீழே நின்றதும் ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அவருக்கு என்ன ஆச்சு?" என்றார்.

"முதுகு வலி. டவுன்ல ஐஸ்கிரீம் கடையில நிக்கிறான்."

அடடா. அப்படி ஒரு சிரிப்பை நான் என் ஆயுசில் கேட்டதில்லை. பெஞ்சைத் தட்டினார்கள், ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள், பாறைச் சுவர் இரண்டு பக்கமும் திருப்பிச் சிரித்தது. எனக்குத் தலை கிறுகிறுத்தது. வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவ்வளவு சந்தோஷம்.

சாயங்காலம் ரோலன் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்கு வந்தார்.

"நெட்ரா, ஒரு கூட்டமே கடைக்கு வந்து கெல்பி எங்கன்னு கேக்குது. முதுகு வலி தேவலையான்னு விசாரிக்குது. என்னடி சொல்லி அனுப்பின?"

"ஜோக்தாங்க. எப்பவும் சொல்றதுதானே."

அவர் உட்கார்ந்தார். அவரும் அந்த விளிம்புப் பாதையில் ஓட்டியவர்.

"அன்னிக்கு உன் கை எப்படி இருந்தது? காட்டு."

காட்டினேன். விரித்த கையை நான் மூடுவேன் என்று காத்திருந்தார். விடிந்ததும் பிக்கப் வண்டிச் சாவியை எடுத்து என்னை இங்கே கூட்டிவந்தார். வாசலில் அவர்தான் உட்கார்ந்திருக்கிறார், சிரிக்கவே மாட்டேனென்கிறார். அவருக்கு ஜோக் எப்போதுமே மெதுவாகத்தான் புரியும்.

சரி, தெளிவாகவே சொல்கிறேன், பதிவாகட்டும். கெல்பியைக் கொன்றது நான்தான், தெரிந்துதான் செய்தேன். ஆனால் தம்பி, நேற்றைய அந்தச் சிரிப்பை நினைத்துப் பாருங்கள். தப்பு செய்தவளுக்கு ஜனங்கள் அப்படிச் சிரிப்பார்களா, நீங்களே சொல்லுங்கள்.