வெறும் தண்ணீர்ச் செடி

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் வாளியைத்தான் சொல்வேன், மேடம். மண்ணே வேண்டாம். மூடியில் ஓட்டை போட்டு, சின்ன வலைக்கூடையில் கீரை நாற்றை உட்காரவைத்து, சத்துத் தண்ணீரில் வேரைத் தொங்கவிட்டால் போதும். காற்றடிக்கும் மோட்டார் மட்டும் ஓயாமல் ஓட வேண்டும். குழாயில் வளர்ப்பது பார்க்க அழகு, ஆனால் வேர் அடைத்துக்கொண்டால் தலைவலி. பாட்டிலை வெட்டி, தண்ணீரை உறிஞ்சித் தரத் திரி போட்டால் சத்தமில்லை, கரண்டில்லை, வளர்ச்சியும் ஆமை வேகம்.

வாய்ப்பேச்சை நான் நம்ப மாட்டேன். பள்ளி ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவள். மூன்றையும் பால்கனியில் வரிசையாக வைத்தேன். பக்கத்தில் இன்னொரு வாளி, அதில் வெறும் தண்ணீர். அது இல்லாமல் ஒப்பிடவே முடியாது. சத்து என்ன செய்கிறது என்பதைச் சத்து கிடைக்காததுதான் காட்டும்.

பால்கனி அக்காவுடையது. வீடும் அவளுடையதுதான், நான் ஒட்டிக்கொண்டிருந்தேன். அதை அவள் என்னை மறக்கவிட்டதில்லை. நான் வெளியூர் போயிருந்தபோது, சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறதென்று மோட்டாரை நிறுத்திவிட்டாள். வந்து பார்த்தால் வேரெல்லாம் பழுப்பேறிக் குழகுழத்துக் கிடந்தது. கீழ்வீட்டு அம்மாளிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"தண்ணியில தொங்கறதெல்லாம் ஒரு செடியா? என் தங்கச்சி மாதிரிதான். சொந்தமா நிக்க இடமில்ல."

வேறு நாற்று வாங்கி வைத்தேன்.

அப்புறம் அக்காவுக்குத் தொண்டையில் ஆபரேஷன். பேச்சு போயிற்று. மூக்கு வழியே குழாய். டப்பாவில் வரும் சத்துப் பவுடரைத் தண்ணீரில் கரைத்து வேளாவேளைக்கு விட வேண்டும். உடம்பு தேறியதும் குழாயை எடுத்துவிடலாம் என்று டாக்டர் நம்பிக்கையாகச் சொன்னார். அவள் மகன் டப்பாக்களை வாங்கி அடுக்கிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டான். "சித்தி, நீங்க இருக்கீங்கன்னுதான் நிம்மதியா கெளம்பறேன்." நல்ல பையன்.

நான் பவுடரைப் பாதியாகக் குறைத்தேன். பிறகு நிறத்துக்கு ஒரு சிட்டிகை. பிறகு அதுவும் எதற்கென்று விட்டுவிட்டேன்.

அக்கா கண்டுபிடித்துவிட்டாள். டப்பாவைக் கைகாட்டுவாள், வயிற்றைத் தொட்டுக் காட்டுவாள். இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை, மேடம். ஏவித்தான் பழக்கம். கெஞ்சும்போது அவளுக்கு எங்கள் அம்மாவின் முகம் வந்துவிடும், அது எனக்குப் பிடித்திருந்தது. அவள் போனை எடுத்து என் அலமாரியில் வைத்தேன். மகன் கூப்பிட்டால், "இப்பத்தான் கண்ணசந்தா, அப்புறம் பேசுப்பா" என்பேன்.

வெறும் தண்ணீர்ச் செடியில் அடியிலைதான் முதலில் மஞ்சளாகும். அக்காவுக்குக் கன்னம் ஒட்டியது. பிறகு எழுந்து உட்கார முடியவில்லை. பிறகு கை எழவில்லை. கண் மட்டும் டப்பா பக்கமே இருந்தது. அதனால் டப்பாவை அவள் கண்ணில் படும்படியே வைத்திருந்தேன். உயிர் போனபோதும் அங்கேதான் அவள் கண் நின்றது.

பட்டினி போட்டீர்களா என்று கேட்கிறீர்கள். அந்த வார்த்தை பொருந்தாது. ஒரு வேளைகூடத் தவறாமல் குழாயில் தண்ணீர் விட்டேன். கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர். தலை வாரிவிட்டேன், துணி மாற்றினேன். வந்தவர்களெல்லாம் என்னைத்தான் புகழ்ந்தார்கள்.

மிச்சமான பவுடரைக் கொட்ட மனம் வரவில்லை. செடியாவது தின்னட்டுமே என்று எல்லாத் தொட்டியிலும் கரைத்து ஊற்றினேன். அது திரிந்து, புளித்து, கீழ்வீடுவரை நாறியது. "என்னம்மா இது, பொணவாடை அடிக்குது?" என்று அந்த அம்மாள் மேலே வந்தாள். வெள்ளையாக நுரைத்த வாளியைப் பார்த்தாள், காலி டப்பாக்களைப் பார்த்தாள், மகனுக்குப் போன் போட்டாள். மீதி உங்களுக்குத் தெரியும்.

மனிதர் சாப்பிடுவது செடி வேருக்கு ஆகாது. இத்தனை அனுபவம் இருந்தும் எனக்கு அது தோன்றவில்லை. ஒன்றுகூட மிஞ்சாமல் எல்லாம் அழுகிப்போயின. வாயில்லா ஜீவன்கள். அவற்றைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள்.