நீல யன்னலும் ரெண்டு பூச்சரையும்

சரி தம்பி, மகளிட்டைக் கேட்டதை உங்களிட்டையும் கேக்கிறன், சொல்லுங்கோ பாப்பம். செட்டை இல்லை, ஆனாப் பறப்பினம். ஊருக்கு மேலாலை, கூரைக்கு மேலாலை பறப்பினம். கீழை ஒரு பச்சை மாடு நிக்கும், ஒராள் வயலின் வாசிச்சுக்கொண்டு நிப்பார். ஒருத்தரும் அண்ணாந்து பாக்க மாட்டினம். ஆர் அவை?

பேய் இல்லை. புருசனும் பொஞ்சாதியும்.

தனுஷியா உடனை சொல்லிப்போட்டாள். பத்து வயசு. நீங்கள் கம்ப்யூட்டர் படிச்சுப்போட்டுப் பேய் எண்டுறியள். பரவாயில்லை முகுந்த், எனக்கும் முதல் தெரியாது. ஓம், இந்த ரெயிலின்ரை மேல்தட்டிலை, பிள்ளையள் விளையாடுற பெட்டிக்குள்ளை நிக்கிறாளே, அவள்தான். சறுக்குமரம் சின்னப் பிள்ளையளுக்கு எண்டு சொல்லிச் சொல்லி ஏறி ஏறிச் சறுக்குறாள்.

ஷகால் எண்டு ஒரு ஓவியர், யூத ஆள். பிறந்த இடம் அப்ப ரஷ்யா, இப்ப பெலருஸ். தகப்பனுக்கு மீன் பீப்பா தூக்குற வேலை. அவர்தான் உந்தப் பறக்கிற சோடியைக் கீறினவர். சூரிச்சிலை ஆத்தங்கரைத் தேவாலயம் ஒண்டிலை அவரின்ரை கண்ணாடி யன்னல் அஞ்சு இருக்கு. யூத ஆள், எண்பது தாண்டின பிறகு, கிறிஸ்தவக் கோயிலுக்கு யன்னல் செய்து குடுத்திருக்கிறார். அதைப் பாக்க ஒரு சைவக்காரன் ஒண்டுவிட்ட சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு போறான். என்னைத்தான் சொல்லுறன்.

ஏன் ஒண்டுவிட்ட சனியோ? நானும் சஜீதாவும், அதுதான் என்ரை மனிசி, ரெண்டு வருசமாப் பிரிஞ்சிருக்கிறம். பிள்ளை தாயோடை. எனக்கு ஒண்டுவிட்ட சனி ஞாயிறு. முதல் முதல் என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. அவள் போனைப் பாப்பாள், நான் அவளைப் பாப்பன். ஒருநாள் நல்ல மழை, ஒதுங்கத்தான் அந்தத் தேவாலயத்துக்குள்ளை போனது. நீல யன்னலுக்கு முன்னாலை போய் நிண்டிட்டாள். அதிலை ஒரு ஏணி இருக்கு. அந்த ஏணியாலை ஏறினால் எங்கை போகலாம் எண்டு கேட்டாள். ரெண்டு மாசத்திலை அவள் என்னட்டைக் கேட்ட முதல் கேள்வி.

விடுவனோ? ஷகாலைப் பற்றி வாசிக்க அடுத்த கிழமையே நூலகத்துக்குப் போயிட்டன். பள்ளிக்கூடத்திலை இப்பிடிப் படிச்சிருந்தால் நானும் உங்களை மாதிரி வந்திருப்பன்.

மனிசி செத்தாப் பிறகு ஷகால் மாசக்கணக்கா ஒண்டும் கீறேல்லையாம், படங்களை எல்லாம் சுவர்ப்பக்கம் திருப்பி வைச்சவராம். இதைத் தனுஷியாவுக்குச் சொல்ல, நீங்களும் அம்மாவும் பறந்தனீங்களோ எண்டு கேட்டாள். எங்கடை வீட்டிலை பறந்தது ஒரு கறிச்சட்டி, அதுவும் ஒருக்காத்தான் எண்டன். சிரிச்சாள். நல்ல சிரிப்புத் தம்பி. போய்த் தாயிட்டையும் சொல்லிப்போட்டாள், அது வேறை கதை.

ஷகாலின்ரை ஊரைச் சண்டையிலை அழிச்சுப்போட்டாங்கள். சாகுமட்டும் அந்த ஊரைத்தான் கீறினவர். எண்பத்தைஞ்சு வயசிலை மொஸ்கோவுக்குக் கூப்பிட்டிருக்கிறாங்கள், போனவர். பிறந்த ஊருக்கு மட்டும் போகேல்லை. ஏன் எண்டு பிள்ளை கேட்டாள். போனால் உண்மையா என்ன கிடக்கெண்டு தெரிஞ்சிடும், பேந்து பறக்கேலாது எண்டு நான் பெரிய விளக்கம் குடுத்தன். அவள் யன்னலைப் பாத்தபடி சொல்லுறாள், அப்பா, நீங்களும் கொழும்பு மட்டும் போயிட்டுத் திரும்பி வந்தனீங்கள்தானே, நீங்கள் என்ன கீறுறனீங்கள்?

ஓம், 2014இலை. ஒரு கலியாணத்துக்கு. வவுனியா தாண்டி எங்கடை ஊருக்குப் போகேல்லை. தாய் சொல்லியிருப்பா. அதுக்கு நான் என்ன சொன்னனானோ? நேரமாச்சு, சாப்பிடுவம் எண்டனான்.

பிறகு சஜீதாவுக்கு ஜெனீவாவிலை ஆஸ்பத்திரியிலை நிரந்தர வேலை கிடைச்சிட்டுது. அவவின்ரை தமையனும் அங்கைதான். இப்ப பிள்ளை ஆரோடை? தாயோடை போறதோ, என்னோடை சூரிச்சுக்குப் பக்கத்திலை அட்லிஸ்விலிலை நிக்கிறதோ? இஞ்சை எண்டால் அதே பள்ளிக்கூடம், அதே சிநேகிதியள். அங்கை எண்டால் பிரெஞ்சிலை முதலிலை இருந்து தொடங்கவேணும். பிள்ளை ஆரோடை எண்டு தீர்க்கிற கோட்டாலை அறிவிச்சவை, புதன்கிழமை ஒரு அம்மா பிள்ளையைத் தனிய இருத்தி விசாரிப்பாவாம். தாயோ தகப்பனோ எண்டு ஒரு பிள்ளையிட்டைக் கேக்கிற கேள்வியே?

என்ரை தமக்கை கலாவதிதான் சொன்னவ, பிள்ளையிலை பாரத்தை வையாதையுங்கோ, பூக்கட்டிப் பாப்பம், முருகன் சொல்லட்டும், அதையே ரெண்டு பேரும் கோட்டிலை ஒண்டாச் சொல்லுங்கோ எண்டு. உங்கடை பக்கமும் இருக்கோ? சிவப்புப் பூவை ஒரு கடதாசிச் சரையிலையும் வெள்ளைப் பூவை மற்றதிலையும் சுத்திச் சாமிக்கு முன்னாலை வைக்கிறது, ஒண்டும் அறியாத பிள்ளை ஒண்டு எடுக்கிறது. அதேதான். சஜீதாவும் ஓம் எண்டிட்டா. ரெண்டு வருசத்திலை நாங்கள் ஒத்துப்போனது அதிலைதான்.

சனிக்கிழமை அட்லிஸ்வில் முருகன் கோயில். சிவப்பெண்டால் ஜெனீவா, வெள்ளையெண்டால் நான். எடுக்கச் சொல்லிக் கூப்பிட ஒரு சின்னப் பிள்ளை இல்லை. எல்லாரும் தமிழ்ப் பரீட்சைக்குப் போயிட்டினம். எங்கடை ஆளை நாங்கள்தான் பரீட்சைக்கு விடாமல் கூட்டி வந்தது. அவளுக்கும் ஒண்டும் தெரியாதுதானே, அவளே எடுக்கட்டும் எண்டா அக்கா. பிள்ளையிலை பாரம் வைக்கக் கூடாதெண்டு தொடங்கி, கடைசியிலை அவளின்ரை கையைத்தான் நீட்டச் சொன்னம்.

எடுத்தாள். ஐயர் பிரிச்சார். வெள்ளை.

நான் அர்ச்சனை செய்து, நிண்ட ஆக்களுக்கெல்லாம் லட்டுக் குடுத்தன். சஜீதா செருப்புக் கழட்டுற இடத்திலை நிண்டு அழுதா. எனக்குக் கவலைதான், ஆனால் பின்னேரமே போய் மகளுக்கு ஒரு கட்டில் வாங்கிப் பலகையளைப் பொருத்திப் பூட்டிப்போட்டன். பூட்டி முடிய, அது என்ன பூ அப்பா எண்டு கேட்டாள். வெள்ளையெண்டால் என்னோடை எண்டு சொன்னன். ஓ எண்டாள்.

லீவுக்கோ? லீவுக்குப் போறம் எண்டு நீங்களாத்தான் சொன்னியள் தம்பி, நான் வாய் திறக்கேல்லை. மேலை வைச்சிருக்கிற அந்த ரெண்டு பெரிய பெட்டியும் அவளின்ரைதான். எனக்குத் திரும்பிப் போக அஞ்சரைக்கு ரெயில் இருக்கு.

புதன்கிழமை அந்த அம்மா அவளைத் தனிய கூப்பிட்டு, என்ன விருப்பம் எண்டு கேட்டவவாம். ஜெனீவாவிலை அம்மாவோடை எண்டு சொன்னவள்.