மாமியின் முதுகுக்கு ஒரு சப்வூஃபர்

கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு வரும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு ஆட்டோக்காரர்கள். யன்னலோரம் இருந்தவர் மடியில் துவாயால் சுற்றிய ஆம்ப்ளிஃபயர் இருந்தது.

“மாமியின்ட முதுகுக்கு எட்டு இஞ்சி காணாது, மச்சான்.”

நான் காதிலிருந்த இயர்போனைக் கழற்றிவிட்டேன்.

“ஸ்பீக்கரையோ சொல்றாய்?”

“பின்ன? ஆட்டோவில பின் சீட்டுக்குப் பின்னால சப்வூஃபர் போட்டிருந்தனான்தானே. களுபோவில கிளினிக்குக்கு மாமிய ஏத்திக்கொண்டு போனா, பாஸ் அடிக்கிற அடியில போய்ச் சேர முதலே முதுகு நோ குறைஞ்சிட்டுது எண்டுறா.”

“அப்ப ஏன் புதுசு?”

“இன்னும் கூட்டுங்கோ, கூட்டுங்கோ எண்டா. கூட்டினன். ஸ்பீக்கர் கிழிஞ்சு போச்சு.”

“பன்னிரண்டு இஞ்சியில ரெண்டு வாங்கிப் போடு.”

“விசரே? இந்த ஆம்ப் நாலு ஓம்ஸுக்குக் கீழ தாங்காது. ரெண்டைச் சேர்த்துக் கொழுவினா ஓம்ஸ் பாதியாகி இதுவும் எரிஞ்சிடும். ஆம்ப் குடுக்கிற வாட்ஸை ஸ்பீக்கர் தாங்கவும் வேணும். பெட்டியில பெரிசா அடிச்சிருக்கிற நம்பரை நம்பேலாது. அதுதான் ஆம்பையே கையோட கொண்டுபோறன், கடையில கொழுவிப் பாத்து எடுக்க.”

பம்பலப்பிட்டி தாண்டும்போது ஆம்ப் வைத்திருந்தவருடைய போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

“தம்பி, கடைக்குப் போயிட்டீங்களோ?”

“இல்ல மாமி, பஸ்ஸில வாறன்.”

“வாசல்லயே நில்லுங்கோ, நானும் வாறன். சாய்ஞ்சு பாக்காம எப்பிடித் தம்பி வாங்கிறது?”