லான் மிச்சம் வைச்ச பான் மீ

— ரெண்டு கடிதான், கௌரி. ரெண்டே ரெண்டு கடி. பிறகு பேப்பரிலை சுத்தி, தாங்ஸ் எண்டு சொல்லிப்போட்டுப் போயிட்டா.

— ஆர், பக்கத்து நெயில் கடை லானோ?

— ஓம். வியட்நாம்காரியெல்லே, பான் மீ அவையின்ரை ஊர்ப் பாண்தானே, சாப்பிட்டுப் பாத்துச் சொல்லட்டும் எண்டு கூப்பிட்டுக் குடுத்தன். நாளைக்குப் பதினொரு மணிக்குக் கடை திறக்கிறம். அவவே மிச்சம் வைச்சால், கோலியர்ஸ் வுட் ஸ்டேஷனிலை இறங்கி வாற சனம் என்னண்டு வாங்கும்?

— இஞ்சாருங்கோ, நான் இப்பதான் ஷிப்ட் முடிஞ்சு வாறன். ஜக்கெற்றைக் கழட்ட விடுங்கோ. அவவுக்குக் கஸ்டமர் வந்திருக்கும். அவசரத்திலை சுத்திக்கொண்டு போயிருப்பா.

— இல்லை. எனக்கு முகம் தெரியும். லண்டன் வரமுன்னம் பாரிசிலை வியட்நாம்கார மடாமின்ரை பான் மீ கடையிலை பதினாலு வருசம் நிண்டனான், சரியோ? முதல் கடியிலை ஆக்களின்ரை முகம் என்ன சொல்லும் எண்டு எனக்குத் தெரியும்.

— அப்ப பாண் பிழையோ?

— பாணோ? பாண் திறம்! இந்தா, கேளும்... கேட்டுதோ அந்தச் சத்தம்? மடாம் சொல்லுவா, "றமணன், பாணைக் கண்ணாலை பாக்காதை, காதாலை கேள்" எண்டு. தோல் முட்டைக் கோது மாதிரி நொறுங்கவேணும். உள்ளுக்குப் பஞ்சாய் இருக்கவேணும். நடுவிலை கொஞ்சம் கிள்ளி எடுத்தும் விட்டனான். மற்றச் சாமானுக்கு இடம் வேணுமெல்லே.

— உள்ளுக்குப் பூசுற ஈரல் விழுது, அந்தப் பாத்தே?

— கத்தியிலை எடுக்க வெண்ணெய் மாதிரி வழுக்குது.

— கொத்தமல்லி, பச்சை மிளகாய்?

— தண்டோடை வைச்சன். மிளகாய் சரிச்சு வெட்டினனான். உம்மடை தம்பி லதீசன் போன் எடுத்து, கட்டைச் சம்பல் வையுங்கோ அத்தான், பிச்சுக்கொண்டு போகும் எண்டுறான். சம்பல் வைச்சால் அது சம்பல் பாண். அதுக்கு நான் ஏன் பாரிசிலை பதினாலு வருசம் நிண்டனான்?

— அவனை விடுங்கோ. ஊறப்போட்ட கரட்டும் முள்ளங்கியும்?

— வளைச்சுப் பாத்தன். முறியாமல் வளைஞ்சுது. அதுதான் பதம், சரியோ? முதல் தரம் நீர் மஞ்சள் போட்டு அவிச்சு வைச்சனீர், அப்பிடியில்லை.

— அதைச் சாகுமட்டும் சொல்லுவியள். நான் கேட்டது புளிப்பு.

— வினாகிரி அளவாத்தான் விட்டனான்.

— அளவைக் கேக்கேல்லை. வாயிலை போட்டுப் பாத்தனீங்களெல்லே? புளிச்சுதோ?

— கௌரி...

— புளிச்சுதோ, இனிச்சுதோ?

— தெரியாது.

— என்ன தெரியாது?

— ஒண்டும் தெரியாது. புளி, உப்பு, இனிப்பு, மீன் சோஸ், ஒண்டுமில்லை. கொரோனா வந்து ஆசுப்பத்திரியாலை திரும்பின நாளிலையிருந்து இப்பிடித்தான். பேப்பரைச் சப்புற மாதிரிக் கிடக்கு. கை பழகின கை, அளவு தெரியும் எண்டு அதை நம்பித்தான் கடையை எடுத்தனான்.

— இவ்வளவு வருசமா எனக்கு ஏன் சொல்லேல்லை?

— என்னண்டு சொல்லுறது? எனக்கு மூச்சுக்கு மெசின் பூட்டிக் கிடக்கேக்கை நீர் முருகனுக்கு நேத்தி வைச்சனீர், இவர் எழும்பி வந்தால் இனி மீன், இறைச்சி, மச்சமெண்டு ஒண்டும் தொடமாட்டன் எண்டு. மீன் குழம்பில்லாமல் சோறு இறங்காத மனிசி, அண்டையிலையிருந்து பருப்பும் கீரையும். என்ரை நாக்குச் செத்துப்போச்சு எண்டு தெரிஞ்சால், எனக்காண்டி நீர் ருசி பாக்க வெளிக்கிடுவீர். அந்த நேத்தி என்னாலை முறியக்கூடாது. அதுதான் வாயைத் திறக்கேல்லை.

— அழாதேங்கோ.

— நாளைக்குத் திறக்கவேண்டாம், கௌரி. ருசி தெரியாதவனும் மச்சம் தின்னாதவளும் சேர்ந்து ஒரு கடை நடத்தேலுமோ? லான் என்னத்துக்கு மிச்சம் வைச்சா எண்டு சொல்லக்கூட எங்களிட்டை ஒரு நாக்கு இல்லை. கடைப் பேர்ப் போட்டைக் கழட்டுவம். நான் பழையபடி டெலிவரிக்குப் போறன்... நீர் என்ன சப்புறீர்?

— லானுக்குச் செய்யேக்கை நீங்கள் செய்து வைச்ச மற்றதைத்தான்.

— துப்பும்! கௌரி, துப்பும்! அதிலை ஈரல் கிடக்கு! மீன் சோஸ் கிடக்கு!

— கிடக்குத்தான். ரெண்டு தரம் விட்டிருக்கிறியள், கரிக்குது. முள்ளங்கிக்குச் சீனி போட மறந்து போனியள். நேற்று ஈரல் விழுதுக்கு மிளகு காணாது. முந்தநாள் வினாகிரி கூட.

— நேற்றோ? முந்தநாளோ?

— நீங்கள் சாமான் எடுக்கப் போற நேரத்திலை நான்தான் சரிப்பண்ணி வைக்கிறனான். இண்டைக்கு ஷிப்டாலை வரச் சுணங்கிப்போச்சு. அதுக்குள்ளை நீங்கள் லானைக் கூப்பிட்டுக் குடுத்திட்டியள்.

— உமக்கு... என்ரை நாக்கு... எப்பிடித் தெரியும்?

— கலியாணம் கட்டின நாள் தொடக்கம் என்ரை கறியிலை ஒரு பிழை பிடிக்காமல் நீங்கள் கை கழுவினதில்லை. ஆசுப்பத்திரியாலை வந்த பிறகு ஒரு சொல்லு இல்லை. ஒருநாள் வேணுமெண்டே உப்பில்லாமல் பருப்புக் காய்ச்சினன். ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டியள். அண்டைக்குக் குசினிக்கை நிண்டு அழுதன்.

— அப்ப நேத்தி?

— இந்தக் கடைக்கு நீங்கள் கையெழுத்து வைச்சிட்டுச் சிரிச்சுக்கொண்டு வந்தியளெல்லே. அந்த முகத்தைப் பாத்தன். அடுத்த நாளே முதல் கடி கடிச்சனான்.

— ஐயோ கௌரி! முருகனுக்குக் குடுத்த வாக்கை...

— முருகனிட்டை அண்டைக்கே போய்ச் சொல்லிப்போட்டன். உங்களுக்குச் சொல்லத்தான் பயமாயிருந்தது.