கட்டையை எடு என்று கத்தியவன் நான்தான்

என் பெயரையும் தந்தை பெயரையும் வீட்டு முகவரியையும் முதல் தாளில் சொல்லி எழுதவைத்திருக்கிறேன். வயது அறுபத்தெட்டு. உயர்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மாடி வீட்டில் நானும் என் மனைவியும் குடியிருக்கிறோம். கீழ் வீட்டில் ஓர் அண்ணன் தம்பி இருவரும் அண்ணனின் மனைவியும் இருக்கிறார்கள். அண்ணன் பாடுவார், கிட்டாரும் வாசிப்பார். தம்பி கிட்டார் மட்டும் வாசிப்பார். ஹோட்டல்களிலும் விருந்துகளிலும் வாசிப்பதுதான் இருவருக்கும் தொழில். அவர்கள் எனக்கு உறவும் இல்லை, பகையும் இல்லை.

பள்ளியில் ஒலிபெருக்கி பழுதானால் நானே பெட்டியைத் திறந்து சரிசெய்வேன். அந்தப் பழக்கத்தினால், பழைய கிட்டாரோ ஆம்ப்ளிஃபையரோ வாங்கப் போகிறவர்கள் என்னைக் கூட வரும்படி கேட்பதுண்டு. நான் எல்லோருக்கும் சொல்வது ஒன்றுதான்: முன்பக்கம் எழுதியிருக்கும் கம்பெனிப் பெயரைக் கடைசியில் பாருங்கள், பின்பக்கம் தொங்கும் பிளக்கை முதலில் பாருங்கள். பேருந்தின் பெயின்ட் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் பிரேக் இல்லாமல் ஏற மாட்டோம் அல்லவா, அதுபோல. இந்த இடத்தில், காவல் நிலையத்தில் என் வாக்குமூலத்தை எழுதுகிற அதிகாரி, "சார், பாடம் அப்புறம் நடத்துங்க, சம்பவத்துக்கு வாங்க" என்றார். இந்தப் பாடம் இல்லாவிட்டால் சம்பவம் கொலை முயற்சியாகத்தான் தெரியும் என்பதால் இதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

சம்பவத்தன்று காலை அண்ணன் மாடிக்கு வந்து, பழைய இசைக்கருவிகள் விற்கும் கடையில் ஒரு வால்வு ஆம்ப், அதாவது அந்தக் காலத்துக் கண்ணாடிக் குழாய் போட்ட ஆம்ப்ளிஃபையர், வந்திருப்பதாகவும், தம்பியின் கிட்டாரைக் கொடுத்து அதை மாற்றிக்கொள்ளப் போவதாகவும், தம்பியும் சம்மதித்துவிட்டதாகவும் சொல்லி, என்னைக் கூட வரும்படி கேட்டார். மூவரும் போனோம். கடை நீளமான ஒற்றை அறை. இரண்டு பக்கச் சுவரிலும் கிட்டார்கள் தொங்கின. கோடியில் கேட்டுப் பார்ப்பதற்கென்று ஒரு மைக்கும் ஸ்பீக்கர்களும் வைத்திருந்தார்கள். அந்த ஆம்ப் அங்கே ஒரு கனத்த இரும்பு அலமாரியை ஒட்டி இருந்தது. அதன் வயர் அலமாரிக்குப் பின்னால் போயிருந்ததால் பிளக்கை என்னால் பார்க்க முடியவில்லை. அலமாரியை நகர்த்தச் சொன்னேன். கடைக்காரர், "அவசரப்படாதீங்க வாத்தியாரே, நகர்த்தலாம். போன மாசம் வரைக்கும் கொர்ர்ருனு ஒரே இரைச்சல், ஒருத்தனும் வாங்கல. நானே கையை வெச்சேன். இப்பப் பாருங்க, சுடுகாடு மாதிரி அமைதியா இருக்கு" என்றார். பழைய வால்வு ஆம்ப் கொஞ்சமாவது முனகும். எந்த வைத்தியத்தால் அந்த முனகல் நின்றது என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் தம்பியின் கிட்டாரை என் கையில் கொடுத்து, முதலில் இதற்கு ஒரு மதிப்புச் சொல்லுங்கள் என்றார்.

நான் கிட்டாரை வாங்கி, தச்சர் பலகையைப் பார்ப்பதுபோல அதன் கழுத்தை ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பார்த்தேன். வளைவு இல்லை. பிறகு முறுக்காணிகள் இருக்கும் தலைப் பக்கத்தின் பின்புறத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். தலையும் கழுத்தும் சேரும் இடத்தில் மயிரிழை போல ஒரு கோடு குறுக்காக ஓடியது. விரல் நகத்தால் வருடியபோது நகம் தட்டியது. கிட்டார் கீழே விழுந்தால் உடைகிற இடம் அதுதான். நன்றாக ஒட்டியிருந்தால் வாசிக்கலாம், ஆனால் விலை பாதியாகிவிடும். "இது ஒடைஞ்சு ஒட்டினது" என்று நான் வாய்விட்டுச் சொன்னேன்.

தம்பி என் கையிலிருந்து கிட்டாரை வாங்கிப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்து, "இது எப்ப ஒடைஞ்சுது?" என்று கேட்டார். அண்ணன், "நீ ஊருக்குப் போயிருந்தப்ப கழுத்துச் சுளுக்கிக்கிச்சுடா. வைத்தியம் பார்த்து உனக்குத் தெரியாம கட்டிலுக்கு மேல படுக்க வெச்சேன்" என்று சிரித்தபடி சொன்னார். தம்பி சிரிக்கவில்லை. தாம் ஊரிலிருந்து திரும்பிய நாள் முதல் இந்தக் கிட்டாரில் சுருதி நிற்காமல் போனதற்கு மேடையில் எல்லோர் முன்னாலும் அண்ணன் தம்மைத்தான் திட்டியதாகவும், தம் காதிலேயே கோளாறு என்று நினைத்து டாக்டரிடம்கூடப் போய்வந்ததாகவும் தம்பி சொன்னார். அண்ணன், "காது டாக்டர் நல்லவருதானே, காது இருக்குன்னு சொன்னாரா?" என்றார்.

அதன் பிறகு தம்பி கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, அண்ணனின் சட்டையைப் பிடித்து முகத்தில் குத்தினார். அண்ணன் திருப்பித் தம்பியின் வாயில் குத்தினார், உதடு கிழிந்தது. தம்பி அவரைத் தூக்கிச் சுவரில் மோதியதில் கிட்டார்கள் மேலே விழுந்தன. ஒரு கிட்டாரின் கம்பி அறுந்து அண்ணனின் புருவத்தைக் கிழித்தது. அதன் பிறகு இருவரும் கட்டிப் புரண்டு ஒரு மர ஸ்டூலின் மேல் விழுந்தார்கள். ஸ்டூல் உடைந்து அதன் கால் தனியாகப் போனது. தம்பி அண்ணனின் கழுத்தைப் பிடித்தபடி, "கொன்னுடுவேன்டா உன்னை" என்று கத்தினார். வாசலில் நின்றவர்கள் அதைக் கேட்டதாகச் சொல்லியிருந்தால் அது உண்மை. நானும் கேட்டேன். நானும் கடைக்காரரும் இழுத்துப் பிரித்தோம்.

பிரித்ததும் இருவரும் மூச்சு வாங்க ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தார்கள். நான் தம்பியின் வாயைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் எழுந்து, "சரி, சண்டை முடிஞ்சுது, வந்த வேலையைப் பார்ப்போம்" என்று அந்த ஒட்டுப்போட்ட கிட்டாரையே எடுத்து ஆம்பில் மாட்டினார். பிளக்கைப் பார்க்கும்வரை தொடாதீர்கள் என்று சொன்னேன். "ஒரே ஒரு பாட்டு சார்" என்று சொல்லி, இடது கையால் கம்பிகளை அழுத்தியபடி, உயரம் சரிசெய்வதற்காக வலது கையால் மைக்கைப் பிடித்தார்.

பிடித்த கை விடவில்லை. ஸ்பீக்கரில் ஒரு பெரிய உறுமல் வந்தது. அண்ணன் முதுகு பின்னால் வளைந்து, குதிகால் தூக்கி நின்றார். கண் திறந்திருந்தது. நாக்கு பற்களுக்கிடையே மாட்டி வாயிலிருந்து இரத்தம் வழிந்தது. சத்தம் போட முடியவில்லை. கடைக்காரர், "நடிக்கிறான்" என்றார். தம்பியும் ஒரு கணம் அப்படித்தான் நினைத்திருப்பார், நகரவில்லை.

இங்கே ஓர் உதாரணம் சொல்ல அனுமதி கேட்டேன். குளியலறையில் தண்ணீர் வெளியேறத் தரையில் ஒரு துவாரம் வைக்கிறோம். அதை அடைத்தால் தண்ணீர் கூடத்துக்கு வரும். ஆம்ப் பெட்டிக்குள் மின்சாரம் கசிந்தால் அது வெளியேறுகிற துவாரம்தான் எர்த் கம்பி. இரைச்சலை நிறுத்துவதற்காகச் சிலர் அந்தக் கம்பியைக் கழற்றிவிடுவார்கள். இரைச்சல் நிற்கும், வாங்குகிறவருக்குச் சந்தோஷம். ஆனால் கசிகிற மின்சாரம் பெட்டியின் தகட்டிலும், அங்கிருந்து வயர் வழியாகக் கிட்டார் கம்பியிலும் வந்து காத்திருக்கும். மைக்கின் எர்த் ஒழுங்காக இருந்தால், இரண்டையும் ஒரே நேரத்தில் தொடுகிற ஆள்தான் துவாரம். தசை இறுகிவிடுவதால் அவரால் கையை எடுக்க முடியாது. தொடுகிறவரும் மாட்டிக்கொள்வார்.

தம்பி ஓடிப்போய் அண்ணனைப் பிடிக்கப் பார்த்தார். நான் அவர் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தேன். மெயினை அணைக்கும்படி கடைக்காரரிடம் கத்தினேன். சுவிட்ச் அவர் தலைக்கு மேலேயே இருந்தது, அவர் அசையவில்லை. பயத்திலா வேறு எதிலா என்பது எனக்குத் தெரியாது. நானே போகலாம் என்றால், சட்டையை விட்டதும் தம்பி அண்ணனைத் தொட்டுவிடுவார். பிளக்கைப் பிடுங்குவதற்காகத் தம்பி அலமாரியைத் தள்ளிப் பார்த்தார், நகரவில்லை. பக்கத்திலிருந்த இன்னொரு மைக் ஸ்டாண்டைத் தூக்கினார். அது இரும்பு. அப்போது நான், "அது வேணாம், கட்டையை எடு! கையில போடு! மணிக்கட்டைப் பார்த்துப் போடு! ஓங்கிப் போடு!" என்று கத்தினேன். எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அம்மா, ஒரு கிழவர் உள்ளே நின்று அடி அடி என்று தூண்டிவிட்டதாகச் சொல்லியிருப்பதாக அறிகிறேன். அந்தக் கிழவர் நான்தான். எழுதுகிற அதிகாரி பேனாவை நிறுத்தி, "இதைச் சொன்னா நீங்களும் உள்ள வர வேண்டியிருக்கும் சார்" என்றார். எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

தம்பி ஸ்டூல் காலை எடுத்து அண்ணனின் வலது மணிக்கட்டில் அடித்தார். கை விடவில்லை. மறுபடி அடித்தார். எலும்பு முறிந்த சத்தம் ஸ்பீக்கரின் உறுமலையும் மீறிக் கேட்டது. அப்போதும் விரல்கள் விடவில்லை. தம்பி அழுதுகொண்டே, "விடுடா, விட்டுத் தொலைடா" என்று அடித்தார். ஓர் அடி தவறித் தோளில் விழுந்தது, காறை எலும்பு முறிந்தது அதில்தான். அதற்கடுத்த அடியில் மைக் தெறித்து விழுந்தது. அண்ணன் வெட்டிய மரம்போல் பின்பக்கமாகச் சாய்ந்தார். தம்பி கட்டையாலேயே கிட்டாரை அவர் மார்பிலிருந்து தள்ளினார்.

அண்ணனுக்கு மூச்சு இல்லை. தம்பி அவர் மேல் ஏறி உட்கார்ந்து மார்பை இரண்டு கையாலும் அழுத்தினார். சற்று நேரத்தில் அண்ணன் இருமி, இரத்தத்தைத் துப்பி, கண் திறந்து தம்பியைப் பார்த்தார். அதன் பிறகு தம்பி கையை ஓங்கி அண்ணனின் கன்னத்தில் ஒரு அறை விட்டார். பலமான அறை. தலை தரையில் இடித்தது. ஜனங்கள் உள்ளே வந்தது அந்த நேரத்தில்தான். அவர்கள் கண்ணில் பட்டது அவ்வளவுதான்: இரத்தத்தில் கிடக்கிற ஒருவரின் மார்பில் ஏறி உட்கார்ந்து இன்னொருவர் முகத்தில் அடிப்பது.

கடைக்காரர், "கொல்றான்! புடிங்க அவனை!" என்றார். ஜனங்கள் தம்பியை இழுத்துப்போட்டு உதைத்தார்கள். ஒருவர் அதே ஸ்டூல் காலால் அவர் முதுகில் அடித்தார். நான் கரண்டு, கரண்டு என்று சொன்னது யார் காதிலும் விழவில்லை. மெயினை நானே போய் அணைத்தேன். திரும்பி வந்தபோது கடைக்காரர் இடம் தெரிந்து அலமாரிக்குப் பின்னால் கையை விட்டுப் பிளக்கைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். அவர், "வாத்தியாரே, இது என் கடை, என் பொருள்" என்றார். "உங்க பொருள்தான், போலீஸ் வந்து தரட்டும்" என்றேன். அவர் பிளையரால் வயரைத் துண்டித்தார். பிளக் என் கைக்குள் தங்கிவிட்டது. அதே பிளையரின் பிடியால் என் வலது கை விரல்களில் அடித்தார். நடுவிரலும் மோதிர விரலும் முறிந்தன. மருத்துவச் சான்று இணைக்கப்பட்டுள்ளது. பிளக்கைத் திறக்காமலே காவலரிடம் ஒப்படைத்தேன். உள்ளே எர்த் கம்பி இருக்கிறதா இல்லையா என்று நான் பார்க்கவில்லை. கடைக்காரர் முன்னிலையில் அதைத் திறக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மறுநாள் மருத்துவமனைக்குப் போய் அண்ணனைப் பார்த்தேன். வலது கையில் தகடு வைத்திருந்தார்கள். இனி வாசிக்க முடியுமா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. தம்பி மேல் புகார் கொடுத்திருப்பவர் அண்ணன்தான். கரண்டு பிடித்ததையும் கட்டையால் அடித்ததன் காரணத்தையும் விளக்கினேன். தலையாட்டிக் கேட்டார். அதன் பிறகு, "எல்லாம் சரி சார். அதெல்லாம் எனக்கு ஞாபகமும் இல்ல. கண்ணைத் தொறந்தேன், என் தம்பி மூஞ்சி தெரிஞ்சுது. அப்பாடான்னு இருந்துச்சு. உடனே அறைஞ்சான். அது எந்தக் கரண்டுக்கு?" என்று கேட்டார். அண்ணன் மனைவி வாசல்வரை வந்து, "அந்த அறையை மட்டும் சொல்லாம விட்டுடுங்க சார். ரெண்டு பேரும் ஒரே தட்டுல சாப்பிட்டவங்க" என்றார்.

அதன் பிறகு நிலையத்துக்கு வந்து, அனுமதி பெற்றுத் தம்பியைக் கம்பிக்கு வெளியே நின்று பார்த்தேன். முகம் வீங்கி ஒரு கண் மூடியிருந்தது. அந்த அறை எதற்கு என்று கேட்டேன். அவர், "கட்டையால அடிச்சதெல்லாம் கரண்டுக்கு சார். அந்த அறை அவனுக்கு. செத்துட்டான்னுதான் நெனச்சேன். கண்ணைத் தொறந்ததும் ஆத்திரம் தாங்கல. இவ்ளோ நேரம் என்னை இப்படி ஆக்கிட்டியேன்னு" என்றார். ஒடிந்த கிட்டாருக்கான கோபமும் அதில் இருந்ததா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "இருந்திருக்கும் சார். பிரிச்சுச் சொல்லத் தெரியல" என்றார்.

எழுதுகிற அதிகாரியும் இரக்கப்பட்டு, அந்த அறையை விட்டுவிட்டால் வழக்கு லேசாகிவிடும் என்றார். விடைத்தாளில் ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டு மதிப்பெண் போட்டால் மற்றப் பக்கங்களுக்கும் மதிப்பிருக்காது. உள்ளே வந்த ஜனங்கள் அந்த அறையைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். நான் அதை மறைத்தால், அவர்கள் பார்க்காத அத்தனை அடிகளைப் பற்றியும் நான் சொன்னதை யாரும் நம்பத் தேவையில்லை. ஆகவே அதுவும் தம்பி சொன்ன பதிலும் அப்படியே எழுதப்பட்டன. இதன் நகலை அண்ணனுக்குப் படித்துக் காட்டும்படியும், தம்பி சொன்ன அந்தப் பதிலை மட்டும் இரண்டு முறை படிக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.

மேலே கண்டவை நான் பார்த்தும் கேட்டும் அறிந்தவை. யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை. எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது, நானும் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒருமுறை படித்தேன், திருத்தம் எதுவும் இல்லை. வலது கையில் கட்டு இருப்பதால் இடது கைப் பெருவிரல் ரேகை வைத்திருக்கிறேன்.