பாதுகாப்பாக அகற்றலாம்

மெமரி கார்டை வெடுக்கென்று பிடுங்குகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. போட்டோ பிரிண்ட் போடும் கடையில் வெகுகாலம் வேலை பார்த்தவள் நான். கம்ப்யூட்டரின் பக்கவாட்டில் இருக்கும் அந்தச் சின்னப் பிளவில் கார்டைச் செருகுவார்கள். வேலை முடிந்ததும் பல் பிடுங்குவதுபோல இழுப்பார்கள். மறுநாள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள், குழந்தை படமெல்லாம் போய்விட்டது என்று.

பிளவுக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு விளக்கு இருக்கிறது. அது துடித்துக்கொண்டிருந்தால் உள்ளே இன்னும் வேலை நடக்கிறது என்று அர்த்தம். படத்தை மூடினால் மட்டும் போதாது. கார்டை வெளியேற்றும்படி கம்ப்யூட்டரிடம் சொல்ல வேண்டும். 'இப்போது பாதுகாப்பாக அகற்றலாம்' என்று திரையில் எழுத்து வரும். விளக்கு அணையும். அதற்குப் பிறகும் இழுக்கக் கூடாது. விரல் நுனியால் உள்ளே ஒரு அழுத்து அழுத்தினால் அதுவே வெளியே எட்டிப் பார்க்கும்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால் இன்ஸ்பெக்டர், தெரியாமல் நடந்துவிட்டது என்று நீங்கள் எழுதிக்கொள்ளக் கூடாது. தெரிந்துதான் செய்தேன்.

என் தம்பி லிஃப்ட் பழுது பார்ப்பவன். அம்மாவும் அப்பாவும் போன பிறகு இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். காலையில் நான் சட்டைக்கு இஸ்திரி போட்டால் அவன் டீ போடுவான். ரயில் நிலையத்தில் லிஃப்ட் வேலைக்குப் போன இடத்தில், டிக்கெட் கொடுக்கும் பெண்ணைப் பார்த்தான். வருகிறவர்களிடமெல்லாம் "சில்லறை குடுங்க, சில்லறை குடுங்க" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்ததால், அவளுக்குச் 'சில்லறை' என்றே பேர் வைத்துவிட்டான். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொண்டார்கள். ஒரு மாடி வீட்டுக்குக் குடிபோனார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன் வரும். "சாப்பிட்டியாக்கா?" என்பான். சாப்பிட்டேன் என்பேன். அதற்கு மேல் பேச எங்களுக்கு எதுவும் இல்லாமல் போயிற்று.

பிறகு அவன் லிஃப்ட் குழிக்குள் விழுந்தான்.

உயிர் பிழைத்தான். கை கால் எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் கல்யாணத்துக்கு முன்னால் ஓர் இடத்தில் அவன் நினைவு நின்றுவிட்டது. அவளைச் சந்தித்த நாளிலிருந்து விழுந்த நாள் வரை ஒன்றுமே இல்லை. புதிதாக நடப்பதும் தூங்கி எழுந்தால் இல்லை. படி ஏற வேண்டாம் என்று டாக்டர் சொன்னதால் இரண்டு பேரும் என் வீட்டுக்கு வந்தார்கள். முதல் நாள் காலையில் எழுந்து வந்தவன், நான் இஸ்திரி போடுவதைப் பார்த்துவிட்டு, நேராக அடுப்படிக்குப் போய் டீ போட்டான். நடுவில் எதுவுமே நடக்காததுபோல.

அந்த விபத்து எனக்கு என் தம்பியைத் திருப்பிக் கொடுத்தது. இப்படிச் சொல்லக் கூடாது என்று எனக்குத் தெரியும். நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

டாக்டர் ஒரு வழி சொன்னார். "தினமும் ஒரே விஷயத்தைக் காட்டிக்கிட்டே இருங்க. சொல்லிக்கிட்டே இருங்க. எப்பவாவது ஒட்டும்." அதனால் அவன் சட்டைப் பையில் ஒரு சின்ன கேமரா மாட்டினோம். சாயங்காலம் அதன் கார்டை எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டு, காலையில் அவன் பார்ப்பதற்கு ஏற்றபடி சுருக்கித் தொகுப்பது என் வேலை. அதற்கு முன்னால் அவள் தன் கல்யாணப் படங்களைக் காட்டுவாள். அவன் ஒவ்வொரு காலையும் அவளைப் புதிதாகப் பார்ப்பான். முதலில் மிரள்வான். படங்கள் ஓட ஓட முகம் இளகும். ஒருநாள், "பரவால்லையே, எனக்குக்கூட இவ்ளோ நல்ல பொண்ணு கிடைச்சிருக்கு" என்றான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுடையது பெரிய சிரிப்பு. பக்கத்து அறை வரைக்கும் கேட்கும்.

அவர்களுடைய படங்கள் எல்லாம் ஒரே கார்டில்தான் இருந்தன. அவன் போன் குழியில் நொறுங்கிவிட்டது. தன் போனில் இடம் போதவில்லை என்று அவள் எல்லாவற்றையும் அந்தக் கார்டுக்கு மாற்றி வைத்திருந்தாள். ஒருநாள் அவற்றைக் கம்ப்யூட்டருக்கு நகர்த்திவிடலாம் என்று உட்கார்ந்தாள். நகல் எடுக்காமல் வெட்டி ஒட்டினாள். அப்படிச் செய்யக் கூடாது என்று எனக்குத் தெரியும், சொல்லவில்லை. பாதி ஓடிக்கொண்டிருந்தபோது, "பாத்துக்கோங்க அண்ணி, குளிச்சிட்டு வந்துடறேன்" என்று போனாள்.

விளக்கு துடித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நகத்தால் கார்டின் விளிம்பைப் பிடித்து இழுத்தேன். திரும்பச் செருகினேன், திரும்ப இழுத்தேன். கார்டைப் படிக்க முடியவில்லை என்று திரையில் எழுத்து வந்தது. இந்தப் பக்கம் வந்து சேர்ந்திருந்த சில படங்களையும் அழித்தேன். கார்டைப் பிளவிலேயே வைத்துவிட்டுப் போய்ச் சாதம் வடித்தேன்.

ஈரத் தலையோடு வந்தவள் கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து திரையையே பார்த்தாள்.

"நான் என்ன அண்ணி தப்பு பண்ணேன்?"

"நகத்தும்போது கூடவே இருக்கணும்மா. எழுந்து போலாமா?" என்றேன்.

என் தோளில் சாய்ந்து அழுதாள். அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். அன்றிலிருந்து கேமரா கார்டு எதையும் அவள் தொடவில்லை. "எல்லாம் நீங்களே பாருங்க அண்ணி, என் கை ராசியில்ல" என்று என்னிடமே விட்டுவிட்டாள்.

பிறகு எல்லாம் சுலபமாக நடந்தது. படம் இல்லாததால் காலையில் பக்கத்தில் படுத்திருக்கும் பெண்ணைக் கண்டு அவன் பயந்தான். அவள் கூடத்துக்கு மாறிப் படுத்தாள். நான் தொகுக்கும் காட்சிகளில் அவள் வரும் இடங்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். ஒருநாள் காலை அவளைப் பார்த்து, "யாருக்கா இவங்க?" என்று அவன் என்னிடம் கேட்டான். "உனக்கு மாத்திரை குடுக்க வர்ற சிஸ்டர்டா" என்றேன். அவள் கையில் தண்ணீர் டம்ளரோடு நின்றாள். என்னைப் பார்த்தாள். அவன் பயம் தெளிந்து, "தேங்க்ஸ் சிஸ்டர்" என்று டம்ளரை வாங்கிக் குடித்தான்.

அவள் மறுக்கவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். தினமும் காலையில் நான் அதையே சொன்னேன், அவன் அமைதியாக இருக்கிறான் என்பதற்காக அவளும் சிஸ்டராகவே இருந்தாள். மாத்திரை கொடுத்தாள், நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஒருநாள் அவன் கையைச் சற்று அதிக நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. அவன் மரியாதையாகக் கையை விடுவித்துக்கொண்டான். அன்று பையை எடுத்துக்கொண்டு போனாள்.

"அவருக்கு எப்பவாவது ஞாபகம் வந்தா எனக்கு ஒரு போன் பண்ணுங்க அண்ணி" என்றாள்.

"பண்ணாம இருப்பேனா?" என்றேன்.

அவள் போன பிறகுதான் வீட்டில் அவள் அதிகமாக இருந்தாள். பழைய காட்சிகளில் முகத்தை எடுத்துவிட்டேனே தவிர, சத்தத்தை முழுக்க எடுக்க முடியவில்லை. அவன் செடிக்குத் தண்ணீர் விடுவான், உள்ளேயிருந்து ஓர் இருமல் கேட்கும். அவன் செய்தித்தாள் படிப்பான், அடுப்படியில் யாரோ சிரிப்பார்கள். "யாருக்கா சிரிக்கிறது?" என்பான். "பக்கத்து வீடு" என்பேன். அந்தக் காட்சிகளையும் எடுத்துவிட்டேன். ஆனாலும் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது அந்தச் சிரிப்பு கேட்டது. குழாயை மூடினால் நின்றுவிடும், திறந்தால் மறுபடி. அவன் துணி காயப் போடும்போது கொடியில் ஒரு பக்கத்தைக் காலியாக விடுவான். சோபாவில் ஓர் ஓரமாகவே உட்காருவான். நடுவில் உட்காரேன்டா என்றால், "ம்" என்பான், நகர மாட்டான்.

பிறகு அந்தக் காலை வந்தது. கம்ப்யூட்டரை நான் இன்னும் போடவில்லை. பல் தேய்த்துக்கொண்டே வந்தவன் கேட்டான்.

"அக்கா, சில்லறை எங்க?"

நான் காட்டிய எதிலும் அந்தப் பேர் இல்லை. அது அவனுக்குள்ளிருந்து வந்தது. அவள் என்னிடம் கேட்டுவிட்டுப் போன போன்கால், இந்த ஒரு கேள்விக்காகத்தான்.

நான் என் பர்ஸைத் திறந்து, இருந்த நாணயங்களை அவன் உள்ளங்கையில் வைத்தேன். "இந்தா."

வெகுநேரம் அவற்றைப் பார்த்தான். பற்பசை நுரை தாடையில் வழிந்தது.

"இது இல்லக்கா."

"வேற எது?"

"தெரியல."

மறுநாளும் கேட்டான், அதற்கடுத்த நாளும். ஒவ்வொரு முறையும் நாணயங்களையே கொடுத்தேன். ஒருமுறை கையை உதறினான், அவை தரையெங்கும் ஓடின. பொறுக்கி மறுபடி அவன் கையிலேயே வைத்து விரல்களை மூடினேன். குரலை உயர்த்தவில்லை. நாள் போகப் போகக் கேட்பது குறைந்தது. ஒரு காலை, நான் கொடுத்ததை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "சரிக்கா" என்று டீ போடப் போனான்.

மீதியை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். கெட்டுப்போன அந்தக் கார்டை அவள் தூக்கிப் போடாமல் வைத்திருந்திருக்கிறாள். அழிந்த படங்களை மீட்டுத் தருகிற ஆளிடம் அதைக் கொடுத்திருக்கிறாள். முக்கால்வாசி வந்துவிட்டது. எழுதிக்கொண்டிருக்கும்போது யாரோ பிடுங்கியிருக்கிறார்கள் என்று அந்த ஆள் சொல்லியிருக்கிறார். அந்த நேரம், தான் குளிக்கப் போயிருந்தது அவளுக்கு ஞாபகம் இருந்தது.

நேற்று நீங்கள் அவளை அழைத்துக்கொண்டு வந்தபோது நானும் அங்கேதான் நின்றேன். கல்யாணப் படத்தை அவன் முன்னால் வைத்தீர்கள். மாலையும் கழுத்துமாக இருக்கிறார்கள், அவள் கண்ணை மூடிச் சிரிக்கிறாள். அவன் குனிந்து பார்த்தான், நிமிர்ந்து அவளைப் பார்த்தான். முகம் மலர்ந்தது. நீங்கள்கூட என் பக்கம் திரும்பினீர்கள்.

"நீங்க மாத்திரை குடுக்கிற சிஸ்டர்தானே?" என்றான். "இது உங்க தங்கச்சியா? உங்கள மாதிரியே இருக்காங்க."

டாக்டர் சொன்னது உண்மைதான், ஒரே விஷயத்தைத் தினமும் சொன்னால் ஒட்டிக்கொள்கிறது. அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போனீர்கள். போகும்போது, "ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதையா இருக்கு உங்க பாசம்" என்றீர்கள். நான் அழவே இல்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

அவன் நிம்மதிக்காகச் செய்தேன் என்று முதலில் எழுதிக்கொடுத்தேன். ஒவ்வொரு காலையும் முன்பின் தெரியாத பெண்ணைக் கண்டு மிரண்டு எழுவது அவனுக்கு வேதனை. அந்த வேதனையை அகற்றினேன். இதை நான் இப்போதும் நம்புகிறேன்.

ஆனால் நீங்கள் எடுத்துப்போன கார்டுகளோடு ஒன்றைச் சேர்க்கவில்லை. இதோ, என் கைக்குட்டையில் முடிந்து வைத்திருக்கிறேன். எதைப் போட்டுப் பார்ப்பதற்கு முன்னாலும் நான் இதைத்தான் பார்ப்பேன். ஒரு சாயங்காலம் கேமராவைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு அவன் பேசியது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது அவனுக்குத் தெரியாது. முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுகிறான். "அக்கா, யாரோ எனக்காகக் காத்துக்கிட்டு இருக்கிற மாதிரியே இருக்குக்கா. எனக்கு உன்னை விட்டா யாருமே இல்லையா?" என்கிறான். "இல்லைடா" என்று என் குரல் கேட்கிறது.

நீங்கள் நினைக்கிற அளவுக்கு நான் கல்நெஞ்சக்காரி இல்லை. அவன் அழுகிற இடம் வந்தால் ஓட்டிவிடுவேன். 'உன்னை விட்டா' என்று சொல்கிற இடத்தை மட்டும்தான் திரும்பத் திரும்பப் பார்ப்பேன்.